ஃபர்ம்வேர் அப்டேட், ரீஸ்டார்ட் சமயத்துல ஸ்மார்ட் பிளக் ரிலே ஆஃப் ஆகாம வச்சிருக்க முடியுமா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். வீட்டுல மூணு ஸ்மார்ட் பிளக், ஒண்ணுல ரவுட்டர், ஒண்ணுல ஃப்ரிட்ஜ், ஒண்ணுல மீன் தொட்டி. ரெண்டுல ஈஎஸ்பிஹோம் போட்டிருக்கீங்க, ஒண்ணுல டாஸ்மோட்டா, ரெண்டுமே கம்பெனி கொடுத்ததுக்குப் பதிலா நாமளே பிளக்ல ஏத்துற ஃபர்ம்வேர், அதாவது உள்ள ஓடுற சாஃப்ட்வேர். அப்டேட் தள்ளினாலோ ரீஸ்டார்ட் கொடுத்தாலோ டக்னு ஒரு சத்தம், லோடு (பிளக்ல மாட்டியிருக்குற சாதனம்) அணைஞ்சு திரும்ப வருது. "கடைசி நிலைக்குப் போ"ங்கிற செட்டிங் போட்டும் அந்த டக் சத்தம் நிக்கல, ஏன்னு கேட்டிருக்கீங்க.

நிக்காது ப்ரோ, ஏன்னா அந்த செட்டிங்கோட வேலை அது இல்ல. ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகுறது வேற, ஆஃபே ஆகாம இருக்குறது வேற. கடைசி நிலைங்கிறது முதல் வகை, பிளக் முழிச்சதுக்கு அப்புறம் "நான் தூங்குறதுக்கு முன்னாடி ஆன்ல இருந்தேனே"ன்னு ஞாபகம் வந்து ரிலேவை, அதாவது லோடுக்கு கரண்டை விடுற உள் சுவிட்சை, திரும்ப இழுக்குது, நடுவுல போன அந்த அரை செகண்டை அதால காப்பாத்த முடியாது. உங்களுக்கு வேணும்னு நீங்க கேக்குறது ரெண்டாவது வகை. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிட்டுதான் நிறைய பேர் வாரக்கணக்குல செட்டிங்கை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்காங்க.

ரிலே எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பாத்துடுவோம். பிளக்குக்குள்ள இருக்குறது பெரும்பாலும் சாதாரண ரிலே, உள்ள ஒரு காயில், ஒரு ஸ்பிரிங். காயிலுக்கு கரண்ட் போற வரைக்கும் தான் காண்டாக்ட் ஒட்டிட்டு இருக்கும், கரண்ட் நின்னதும் ஸ்பிரிங் பிரிச்சிடும். எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த நீலக் கலர் சாங்கிள் 5 வோல்ட் ரிலேவை எடுத்துக்கிட்டா காயில் 70 ஓம், 70 மில்லி ஆம்ப் சொச்சம் இழுக்கும், கரண்ட் நின்னா 5 மில்லி செகண்டுக்குள்ள பிரிஞ்சிடும்னு டேட்டாஷீட்ல போட்டிருக்கும். இந்த 70 மில்லி ஆம்பை சிப்போட பின் நேரடியா கொடுக்காது, நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும், பின் ஹையா இருந்தா டிரான்சிஸ்டர் ஆன், ரிலே ஆன். ஆக, எல்லாம் அந்த ஒரு பின் என்ன நிலையில இருக்குங்கிறதுல தான் தொங்குது, பழைய சோனாஃப் பேசிக்ங்கிற ஸ்மார்ட் ஸ்விட்ச்ல அது ஜிபிஐஓ 12ங்கிற பின். அந்தப் பின் 10 மில்லி செகண்ட் தடுமாறினாலே ரிலே பிரிஞ்சிடும், பிரிஞ்சா அது திரும்ப ஒட்டுறதுக்குள்ள டெஸ்க்டாப் மாதிரி லோடு செத்துடும், ஏன்னா கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லி செகண்ட் தாங்கணும்னு தான் ஸ்டாண்டர்டே சொல்லுது, சிப் திரும்ப பூட் ஆக அதைவிட பல மடங்கு நேரம் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம். அப்டேட் டவுன்லோட் ஆகிட்டு இருக்கும்போது ரிலேக்கு ஒண்ணும் ஆகாது, பழைய ஃபர்ம்வேர் ஓடிட்டே தான் புதுசை ஃப்ளாஷோட காலி இடத்துல எழுதும், பின் போட்ட நிலையிலயே இருக்கும். பிரச்சனை எழுதி முடிச்சு ரீஸ்டார்ட் ஆகுற அந்த இடத்துல தான். ரீஸ்டார்ட்லயும் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. சாஃப்ட்வேரே "நான் திரும்ப ஆரம்பிக்கிறேன்"னு பண்ணுற சாஃப்ட் ரீஸ்டார்ட் ஒண்ணு, அப்டேட்டும் மெனுல இருந்து கொடுக்குற ரீஸ்டார்ட்டும் இந்த வகை. ரெண்டாவது சிப் மாட்டிக்கிட்டு வாட்ச்டாக் (சிப் தொங்கினா ரீசெட் பண்ணுற காவல் டைமர்) உதைச்சு எழுப்புறது, இல்லனா வோல்டேஜ் சரிஞ்சு ரீசெட் ஆகுறது. மூணாவது நிஜமாவே கரண்ட் போறது.

சாஃப்ட் ரீஸ்டார்ட்ல நல்ல செய்தி இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. இந்த மாதிரி பிளக் நிறையதுல இருக்குற ஈஎஸ்பி8266ங்கிற வைஃபை சிப்ல சாஃப்ட் ரீஸ்டார்ட் ஆனா பின் உடனே விழுந்துடணும்னு இல்ல, முன்ன இருந்த நிலையிலயே நிக்கும். ஈஎஸ்பி32லயும் தயாரிப்பாளர் டாக்குமென்ட்லயே தெளிவா எழுதியிருக்காங்க, ரீஸ்டார்ட் ஃபங்ஷன் கூப்பிட்டா வைஃபை, புளூடூத் மாதிரி சிலது தவிர மத்த பெரிஃபெரல் எதுவும் ரீசெட் ஆகாதுன்னு. அப்புறம் ஏன் டக்னு விழுதுன்னா, புது ஃபர்ம்வேர் முழிச்ச உடனே பண்ணுற முதல் வேலையே எல்லாப் பின்னையும் ஆரம்ப நிலைக்கு, அதாவது ஆஃபுக்கு, கொண்டு போறது தான். சிப் சும்மா விட்டதை நம்ம ஃபர்ம்வேரே கெடுக்குது. அதனால இந்த வகையை செட்டிங்லயே சரி பண்ணிடலாம், காசு செலவே இல்ல.

ஈஎஸ்பிஹோம்ல 8266 பிளக்னா, 8266 பகுதிக்குக் கீழ "எர்லி பின் இனிட்"னு ஒண்ணு இருக்கு, டீஃபால்ட்டா ட்ரூ. அதை ஃபால்ஸ் ஆக்குங்க. ஸ்விட்ச் இருக்குற டிவைஸ்ல இதை ஃபால்ஸா வைக்கிறது நல்லது, இல்லனா அப்டேட்லயும் ரீஸ்டார்ட்லயும் ஸ்விட்ச் ஆடும்னு அவங்க டாக்குமென்ட்லயே சொல்லியிருக்கு. அடுத்தது "ரீஸ்டோர் மோட்". இதை எதுவும் எழுதாம விட்டா "ஆல்வேஸ் ஆஃப்"னு தான் எடுத்துக்கும், உங்க ஒரு பிளக் அப்டேட்டுக்கு அப்புறம் ஆன்லயே வரலன்னு சொன்னீங்களே, அது இதனால தான் இருக்கும். எப்பவும் ஓடணும்ங்கிற லோடுக்கு "ஆல்வேஸ் ஆன்" போடுங்க, சில சமயம் நீங்களே அணைச்சு வைக்கிற லோடுன்னா "ரீஸ்டோர் டீஃபால்ட் ஆன்". இந்த ரெண்டு வரியும் சேர்ந்தா என்ன நடக்கும்னா, ரீஸ்டார்ட்ல பின் ஹையா நிக்கும், ஸ்விட்ச் ஆரம்பிக்கும்போது முதல்ல ஹைன்னு மதிப்பை எழுதிட்டு அப்புறம் தான் பின்னை அவுட்புட்டா மாத்தும், ஹை மேல ஹை, அதனால ரிலேக்கு எதுவும் நடந்ததாவே தெரியாது. சொந்தமா ஆர்டுயினோல எழுதுறவங்களும் இதே வரிசையில பண்ணுங்க, டிஜிட்டல்ரைட் முதல்ல, பின்மோட் அப்புறம், நாம எல்லாரும் மாத்தி எழுதித்தான் பழகியிருக்கோம்.

"ரீஸ்டோர்" வகை போடுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். 8266ல ஈஎஸ்பிஹோம் கடைசி நிலையை சாதாரணமா ஆர்டிசி மெமரில தான் வைக்கும், அது சாஃப்ட் ரீஸ்டார்ட்டைத் தாண்டும், கரண்ட் போனா அழிஞ்சிடும். கரண்ட் கட்டையும் தாண்டணும்னா "ரீஸ்டோர் ஃப்ரம் ஃப்ளாஷ்" ட்ரூ போடணும். அப்படிப் போட்டாலும் ஃப்ளாஷ்ல எழுதுறது டீஃபால்ட்டா 1 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான், நீங்க ஆன் பண்ணி 20 செகண்ட்ல கரண்ட் போயிடுச்சுன்னா பழைய நிலையில தான் திரும்ப வரும். எழுதுற இடைவெளியைக் குறைக்கலாம், ஆனா அடிக்கடி மாறுற ஸ்விட்ச்னா ஃப்ளாஷ் தேய்மானம் கூடும், அதனால எனக்கு "ஆல்வேஸ் ஆன்" தான் பிடிக்கும், ஞாபகம் வச்சுக்க வேண்டிய வேலையே இல்ல.

அப்புறம் ஒரு மறைஞ்ச குழி இருக்கு, இதை நிறைய பேர் அப்டேட் பிரச்சனைன்னு நினைச்சிட்டு இருப்பாங்க. ஈஎஸ்பிஹோம்ல ஏபிஐ பகுதில "ரீபூட் டைம்அவுட்" டீஃபால்ட்டா 15 நிமிஷம். அதாவது ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு டிவைஸ் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்) 15 நிமிஷம் வந்து பேசலன்னா பிளக் "ஏதோ கோளாறு"ன்னு தன்னைத்தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கும். வைஃபை இல்லன்னாலும் அதே 15 நிமிஷம். உங்க ஹோம் அசிஸ்டன்ட் ஓடுற ராஸ்பெர்ரி பை எஸ்டி கார்டு போய் ரெண்டு நாள் படுத்துடுச்சுன்னு வைங்க, அந்த ரெண்டு நாளும் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பிளக் ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும், பின் ஆடுற செட்டிங்னா ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கும். ஏபிஐல ஒரு தடவை, வைஃபைல ஒரு தடவை, எம்க்யூடிடி (டிவைஸ்கள் செய்தி அனுப்பிக்கிற இன்னொரு வழி) இருந்தா அதுலயும் ஒரு தடவை, "0 எஸ்"னு போட்டு இதை நிறுத்திடுங்க. ரவுட்டரைத் தாங்குற பிளக்குக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ரவுட்டர் நெட் இல்லாம தவிக்கும்போது பிளக்கும் சேர்ந்து ரவுட்டரை அணைச்சு எழுப்பிக்கிட்டே இருந்தா எதுவும் நிலைக்கு வராது.

சேஃப் மோடும் இதே மாதிரி தான். பூட் ஆகி 1 நிமிஷம் நிக்காம 10 தடவை விழுந்தா ஈஎஸ்பிஹோம் சேஃப் மோடுக்குப் போயிடும், அதுல வைஃபை, லாக், அப்டேட் மட்டும் தான் ஓடும், ஸ்விட்ச் எல்லாம் ஏறவே ஏறாது. நம்ம ஊர்ல மழைக்காலத்துல கரண்ட் வந்து வந்து போகுமே, அந்த மாதிரி நேரத்துல ஒவ்வொண்ணும் ஒரு தோத்துப் போன பூட்டா எண்ணிக்கையில சேர வாய்ப்பு இருக்கு. மொத்தமா எடுத்துட வேணாம், தப்பான ஃபர்ம்வேர் போட்டுட்டா காப்பாத்துறது அதுதான், எண்ணிக்கையை மட்டும் கூட்டி வச்சுக்கோங்க.

டாஸ்மோட்டா பக்கம் வேலை கம்மி. "பவர்ஆன்ஸ்டேட்"னு ஒரு கமாண்ட், டீஃபால்ட் 3, கடைசி நிலை. 0 போட்டா ஆஃப், 1 போட்டா ஆன், 4 போட்டா ஆன் பண்ணிட்டு அதுக்கு மேல யாரும் அணைக்கவே முடியாது, பட்டனை அமுக்கினாலும் சரி ஆப்ல தட்டினாலும் சரி. கரண்ட் யூனிட் அளக்க மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் பிளக் போட்டவங்களுக்கு 4 தான் சரி, வீட்டுல குழந்தைங்க இருந்தா இன்னும் சரி. ஆனா 4ம் ரீசெட் ஆகுற அந்தக் கணத்தைத் தாங்கித் தரும்னு நினைக்காதீங்க, அது முழிச்சதுக்கு அப்புறம் நடக்குறது. சாஃப்ட் ரீஸ்டார்ட்ல டாஸ்மோட்டா ரிலே நிலையை சேமிச்சு அப்படியே எடுத்துக்கும், நான் கையாண்ட 8266 பிளக்குகள்ல பெரும்பாலும் சத்தமே வராது. 1 எம்பி ஃப்ளாஷ் இருக்குற பிளக்ல அப்டேட் ரெண்டு கட்டமா நடக்கும், முதல்ல மினிமல் ஃபர்ம்வேர் ஏறி ரீஸ்டார்ட், அப்புறம் முழுசு ஏறி இன்னொரு ரீஸ்டார்ட். அதனால ஒரு அப்டேட்டுக்கு ரெண்டு தடவை ஆபத்து இருக்குன்னு கணக்கு வச்சுக்கோங்க.

டாஸ்மோட்டால நான் எல்லாருக்கும் சொல்றது "செட்ஆப்ஷன்65 1". பிளக்கை 10 செகண்டுக்குள்ள இடைவெளி விட்டு ஆறு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டா செட்டிங் எல்லாம் அழிஞ்சு ஆரம்ப நிலைக்குப் போற ஒரு மீட்பு வசதி அதுல இருக்கு, டீஃபால்ட்டா அது வேலை செய்யுற நிலையில தான் இருக்கும். சுவத்துக்குள்ள மாட்டின, பட்டன் எட்டாத டிவைஸுக்கு அது நல்ல வசதி. காத்துல வயர் உரசி கரண்ட் சிமிட்டுற ஊர்ல அதே வசதி யாரும் தொடாமலே பிளக்கோட வைஃபை பாஸ்வேர்டை அழிச்சிடும். இந்த ஆப்ஷனுக்கு 1 கொடுத்தா அது அடங்கிடும்.

கம்பெனி ஆப்லயே வச்சிருக்குறவங்களுக்கும் ரெண்டு வரி. டூயா ஆப்ல பவர் ஆன் நிலைன்னு ஆஃப், ஆன், கடைசி நிலைன்னு மூணு இருக்கும். ஷெல்லி ரெண்டாம் தலைமுறைல "ரீஸ்டோர் லாஸ்ட்"னு இருக்கும். ஜிக்பீ (வைஃபைக்குப் பதிலா வேற வயர்லெஸ் முறை) பிளக்னா ஸ்டார்ட்அப் ஆன்ஆஃப்னு ஒரு ஆட்ரிபியூட் ஸ்டாண்டர்ட்லயே இருக்கு, 0 ஆஃப், 1 ஆன், 255 பழைய நிலை. இது எல்லாமே நான் முதல்ல சொன்ன முதல் வகை தான், முழிச்சதுக்கு அப்புறம் நடக்குறது. பின் நடுவுல ஆடுதா இல்லையாங்கிறது அந்தக் கம்பெனி எழுதின ஃபர்ம்வேர் கையில இருக்கு, உங்களால மாத்த முடியாது. உங்களால முடிஞ்சது ஆட்டோ அப்டேட்டை அணைக்கிறது, அதை இன்னைக்கே பண்ணிடுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா எனக்கு நடந்திருக்கு. ஒரு கம்பெனி பிளக்ல வீட்டு ரவுட்டரை மாட்டி வச்சிருந்தேன், நெட் தொங்கினா தூரத்துல இருந்து அணைச்சுப் போடலாம்னு. நான் வெளியூர்ல இருக்கேன், நடுராத்திரி பிளக் தானா அப்டேட் எடுத்துச்சு, எடுத்துட்டு ஆஃப்ல முழிச்சிருக்கு. பிளக் ஆஃப்னா ரவுட்டர் ஆஃப், ரவுட்டர் ஆஃப்னா வைஃபை இல்ல, வைஃபை இல்லன்னா பிளக்கை ஆன் பண்ணச் சொல்ல வழியே இல்ல. வீட்டு கேமரா, அப்பாவோட ரூம்ல இருக்குற பெல், எல்லாம் அந்த நெட்டை நம்பி. காலைல அம்மாக்கு போன் போட்டு "டிவிக்குப் பின்னாடி வெள்ளையா ஒண்ணு இருக்கும்மா, சைடுல பட்டன், ஒரு தடவை அமுக்குங்க"ன்னு சொல்லி, அவங்க கண்ணாடி எடுத்து மாட்டி, டேபிளை நகர்த்தி, பட்டனைக் கண்டுபிடிச்சு அமுக்குற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. அப்பாக்கு ராத்திரி ஏதாவது ஆகி பெல் அடிச்சிருந்தா அது அம்மா போனுக்கு வந்திருக்காது. அன்னைக்கு முடிவு பண்ணது, ரவுட்டரை இனிமே பிளக்கோட ஆன் பக்கத்துல தொங்க விடக்கூடாதுன்னு.

அப்ப ரவுட்டருக்கு என்ன பண்ணலாம்னா, ரிலேவோட மூடின பக்கத்தைப் பயன்படுத்துங்க. ரிலேல காமன்னு ஒண்ணு, என்ஓன்னு ஒண்ணு, என்சின்னு ஒண்ணு இருக்கும். என்சிங்கிறது காயிலுக்கு கரண்ட் இல்லாதப்ப ஒட்டிட்டு இருக்குற பக்கம், என்ஓங்கிறது கரண்ட் இருக்கும்போது மட்டும் ஒட்டுற பக்கம். லோடை காமனுக்கும் என்சிக்கும் நடுவுல கொடுத்தா சிப் செத்தாலும், ரீஸ்டார்ட் ஆனாலும், அப்டேட் பாதியில நின்னாலும், லோடு ஓடிட்டே இருக்கும், அதை அணைக்கணும்னா தான் ரிலே வேலை செய்யணும். கடையில வாங்குற பிளக்ல பெரும்பாலும் என்ஓ மட்டும் தான் இருக்கும், அதனால பிளக்கை விட்டுட்டு தனி ரிலே மாட்யூல் எடுத்துக்கோங்க. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர்ல தான் ஓடும், 230 வோல்ட் பக்கம் போகவே வேணாம், அடாப்டர்ல இருந்து வர்ற 12 வோல்ட் வயரை மட்டும் வெட்டி காமன், என்சி வழியா விடுங்க. கூட ஒரு சின்ன 8266 போர்டு, அதுக்குத் தனியா ஒரு போன் சார்ஜர். டாஸ்மோட்டால பல்ஸ்டைம் 120 போட்டா ரிலே 20 செகண்ட் இழுத்துட்டுத் தானா விட்டுடும், 111க்கு மேல போனா 100ஐக் கழிச்சு செகண்டா கணக்கு. இதனால "பவர் ஆன்"னு ஒரு கட்டளை போனாப் போதும், ரவுட்டர் 20 செகண்ட் அணைஞ்சு திரும்ப எழும், திரும்ப எழுப்ப நெட் தேவையே இல்ல. ரிலே மாட்யூல்ல ஒண்ணு பாத்து வாங்குங்க, லோ கொடுத்தா இழுக்குற மாட்யூலும் இருக்கு, ஹை கொடுத்தா இழுக்குறதும் இருக்கு. பின்னும் பாத்துத் தேர்ந்தெடுங்க, 8266ல பூட் ஆகும்போது சில பின் தானா ஒரு கணம் ஹை போகும், 16 அப்படித்தான், 4ம் 5ம் அமைதியா இருக்கும். ஹைல இழுக்குற மாட்யூல் எடுத்து 4லயோ 5லயோ கொடுத்துடுங்க.

இப்போதைக்கு பிளக்கையே வச்சுக்கிட்டு ஓட்டணும்னா, ரவுட்டரை அணைச்சுப் போடுற வேலையை ஹோம் அசிஸ்டன்ட் ஆட்டோமேஷன்ல எழுதாதீங்க. அணைக்கிற கட்டளை போகும், ஆன் பண்ணுற கட்டளை போக வழி இருக்காது. டாஸ்மோட்டால பேக்லாக்னு ஒரே வரில "பவர் ஆஃப்; டிலே 200; பவர் ஆன்"னு பிளக்குக்குள்ளயே ஓட விடுங்க, 200ங்கிறது 20 செகண்ட்.

ஃப்ரிட்ஜ் கதை வேற. சாதாரண கம்ப்ரஸர் ஓடிட்டு இருக்கும்போது அரை செகண்ட் அணைஞ்சு திரும்ப கரண்ட் வந்தா உள்ள கேஸ் பிரஷர் இன்னும் இறங்கியிருக்காது, மோட்டார் சுத்த முடியாம உறுமி, ஓவர்லோடு போய் நிக்கும். நம்ம வீட்டு ஸ்டெபிலைசர்ல 3 நிமிஷம் டிலே வச்சிருக்குறது இதுக்குத்தான். திரும்பத் திரும்ப இப்படி ஆனா கம்ப்ரஸருக்கும் கேடு, பிளக் ரிலே காண்டாக்ட்டுக்கும் கேடு, ஸ்டார்ட்டிங் கரண்ட் ஓடுற கரண்டை விட பல மடங்கு, 16 ஆம்ப்னு எழுதியிருக்குறது ஹீட்டர் மாதிரி லோடுக்கு தான். அதனால ஃப்ரிட்ஜுக்கும் பிளக்குக்கும் நடுவுல ஸ்டெபிலைசர் இருந்தா எடுத்துடாதீங்க, ஒரு சிமிட்டல் ஆனாலும் அது 3 நிமிஷம் பிடிச்சு வச்சுக்கும். உண்மையைச் சொன்னா ஃப்ரிட்ஜை ரிலே வழியா விடுறதே எனக்குப் பிடிக்கல. உங்களுக்கு வேண்டியது யூனிட் கணக்கு தானே, பிசெம்-004டி மாதிரி சிடி வளையம் போட்டு அளக்குற மாட்யூல் இருக்கு, ஃபேஸ் வயர் வளையத்துக்குள்ள போகும் அவ்வளவுதான், அது ரீஸ்டார்ட் ஆனாலும் எரிஞ்சே போனாலும் ஃப்ரிட்ஜுக்குத் தெரியாது. வோல்டேஜ் அளக்க அதுக்கு மெயின்ஸ் கனெக்ஷன் வேணும், அதை எலக்ட்ரீஷியனை வச்சுப் பண்ணுங்க.

மீன் தொட்டிக்கு அரை செகண்ட் அணையறதால ஒண்ணும் ஆகாது, பம்ப் திரும்ப ஓடும். அங்க பயம் திரும்ப ஆன் ஆகாமப் போறது தான், ஃபில்டர்ல தண்ணி ஓட்டம் பல மணி நேரம் நின்னா உள்ள இருக்குற நல்ல பாக்டீரியா செத்துடும். "ஆல்வேஸ் ஆன்" போட்டாப் போதும். ஏர் பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சிருந்தா டியூப்ல ஒரு செக் வால்வு போட்டுடுங்க, அணையும்போது தண்ணி டியூப் வழியா பம்புக்கும் பிளக்குக்கும் இறங்க வாய்ப்பு இருக்கு.

கெபாசிட்டர் போட்டா ரிலே தாங்காதான்னு கேட்டிருந்தீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 70 ஓம் காயில், 5 வோல்ட் ரிலே பொதுவா 2 வோல்டுக்குக் கிட்ட இறங்குற வரைக்கும் பிடிச்சிட்டு இருக்கும்னு வச்சுக்கிட்டா, கால் செகண்ட் தாங்க 3900 மைக்ரோஃபாரட் கிட்ட வேணும். அது பிளக்குக்குள்ள அடங்காது, அடங்கினாலும் முதல் தடவை ரிலே ஆன் ஆகும்போது கெபாசிட்டர் இழுக்குற இழுப்புல 5 வோல்ட் சரிஞ்சு சிப்பே ரீசெட் ஆகும், தீர்க்கப் போன பிரச்சனையை நாமளே உண்டாக்கின மாதிரி. டிரான்சிஸ்டருக்கு பதிலா மாஸ்ஃபெட் போட்டு அதோட கேட்ல சின்ன கெபாசிட்டர் வைக்கிறவங்களும் இருக்காங்க, அதுல ஆஃப் ஆகும்போது மெல்ல மெல்ல இறங்குறதால காண்டாக்ட் தயங்கிப் பிரியும், தீப்பொறி அதிகமாகும். 230 வோல்ட் பெட்டிக்குள்ள அப்படி ஒண்ணை வச்சுட்டு என்னால தூங்க முடியாது.

ஹார்ட்வேர்ல நேரான வழி லாச்சிங் ரிலே. அதுல காயிலுக்கு ஒரு சின்ன பல்ஸ் கொடுத்தாப் போதும், காண்டாக்ட் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கும், அப்புறம் கரண்டே வேணாம், வேற பல்ஸ் வர்ற வரைக்கும் நகராது. சிப் ரீஸ்டார்ட் ஆனாலும், வாட்ச்டாக் உதைச்சாலும் ரிலேக்குக் கவலை இல்ல, ரெண்டாவது வகை ரீசெட்டையும் தாங்குற வழி என்சி வயரிங்கை விட்டா இதுதான். சோனாஃப் பவ் எலைட்ல 20 ஆம்ப் மாடல் இந்த மாதிரி, ஆன் பண்ண ஒரு பின், ஆஃப் பண்ண ஒரு பின். காயில் சூடாகாது, அதுவும் ஒரு லாபம். ஒரே ஒரு எச்சரிக்கை, இதுக்கு ஈஎஸ்பிஹோம் எழுதும்போது ரீஸ்டோர் மோடை ஆல்வேஸ் ஆஃப்ல விட்டுட்டீங்கன்னா பூட் ஆனதும் ஆஃப் பல்ஸை அதுவே அனுப்பிடும், லாச்சிங் வாங்கினதே வீண். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி லோடுக்கு லாச்சிங்கும் வேணாம், ஆல்வேஸ் ஆனும் வேணாம், கரண்ட் போய் நாம வெளிய கிளம்பினப்புறம் அது தானா சூடாகக் கூடாது. மோட்டார் பம்புக்கும் அப்படியே.

செட்டிங் மாத்தினதும் நேரா ஃப்ரிட்ஜை மாட்டிப் பாக்காதீங்க. வீட்டுல எங்கயாவது பழைய குண்டு பல்பு கிடக்கும், அதை மாட்டுங்க. எல்இடி பல்பு வேணாம், அதுக்குள்ள இருக்குற கெபாசிட்டர் சின்ன தடுமாற்றத்தை மறைச்சிடும். போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ ஓட விட்டு, காதை பிளக் கிட்ட வச்சு, முதல்ல மெனுல இருந்து ரீஸ்டார்ட், அப்புறம் அதே ஃபர்ம்வேரையே திரும்ப அப்டேட்டா தள்ளுங்க, அப்புறம் ஸ்விட்ச் போர்டுல 10 செகண்ட் அணைச்சுப் போடுங்க, கடைசியா பட் பட்னு நாலஞ்சு தடவை. ஹோம் அசிஸ்டன்ட்டை அணைச்சு வச்சு 20 நிமிஷம் பல்பைப் பாத்துட்டு உக்காருங்க, அந்த 15 நிமிஷக் கணக்கு இன்னும் இருக்கான்னு அதுல தெரிஞ்சிடும்.

ஃபர்ம்வேர் தப்பாகி பிளக்கைத் திறந்து சீரியல் வயர் கொடுக்க வேண்டி வந்தா பிளக்கை சுவத்துல இருந்து கழட்டிட்டுத் தான் கொடுக்கணும். கரண்ட் அளக்குற பிளக் நிறையதுல உள்ள இருக்குற கிரவுண்ட் மெயின்ஸோட நேரடியா ஒட்டியிருக்கும், 3.3 வோல்ட் தானேன்னு தொட்டா 230 வோல்ட் அடிக்கும், லேப்டாப்பும் போகும் ஆளும் போகும். உங்க ஈஎஸ்பிஹோம் ஃபைல் ரெண்டையும் போடுங்க, பாஸ்வேர்டை மட்டும் எடுத்துட்டு. எர்லி பின் இனிட் எந்த இடத்துல வரணும்னு பாத்து சொல்றேன், அது இடம் மாறிப் போட்டா கம்பைலே ஆகாது.